பட்டறைக்குள் யார் வரலாம்?

ஜவ்வரிசி, லாரி பாடி, ரிக் வண்டி, வெள்ளிக் கொலுசு... கைவேலையால் பெயர் வாங்கிய வட்டாரம் சேலமும் நாமக்கல்லும். இங்கே சொந்தமாக ஒன்றைச் செய்து பார்த்த ஒருவர், அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்?

1943-ம் ஆண்டு சேலத்தில் மூன்று பேர் ஒரு வேலையில் கூடினார்கள். மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரி. தொழில் விஷயமாகக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வருவார். போன இடத்தில் பழக்கமானவர் போபட்லால் ஷா. பினாங்கிலிருந்து வந்திருந்த ஷாவுக்கு மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் முறை தெரிந்திருந்தது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மலேயா ஜப்பானியர் வசம் போய்விட்டதால் அங்கிருந்து கப்பலில் வந்த சரக்கு நின்றிருந்தது. செட்டியாரும் ஷாவும் சேலத்தில் சின்ன அளவில் வேலையைத் தொடங்கினார்கள். கிழங்கைக் கூழாக்கி, பாலைப் பிழிந்து வடிகட்டித் தெளியவிட்டு, அடியில் தங்கிய மாவை உருண்டையாக்கி வறுத்தார்கள். நாளுக்கு இரண்டு மூட்டை தேறியது.

மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அந்தச் செய்முறைக்கு ஏற்ற இயந்திரங்களைச் சீர்படுத்தித் தந்தார். இரண்டு மூட்டை 25 மூட்டையானது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ், தன் தொழிலின் வரலாற்றை இந்த மூவரிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒருவர் சந்தையை அறிந்தவர். ஒருவர் பக்குவத்தை அறிந்தவர். ஒருவர் இரும்பை அறிந்தவர். வெவ்வேறு தொழிலில் இருந்தவர்கள் தங்கள் கையில் இருந்ததை ஒருவருக்கொருவர் காட்டியதால் ஒரு வட்டாரத்துக்கே பிழைப்பு பிறந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் தற்செயலாகச் சந்திக்கும்வரை காத்திருக்காமல், சந்திப்பதற்கென்றே ஓர் இடத்தைக் கட்டிவைத்தால் என்ன?

உலகின் பல நகரங்கள் கடந்த 20 ஆண்டுகளில் அதைச் செய்திருக்கின்றன. ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்று அதற்குப் பெயர். ஒரு கூடம், அதில் தையல் இயந்திரம் முதல் 3டி பிரின்டர் வரை பொதுக் கருவிகள். சந்தா கட்டியோ இலவசமாகவோ யாரும் உள்ளே போகலாம். வாரத்தில் ஒரு மாலை, அவரவர் செய்ததை மேஜைமேல் வைத்துக் காட்டுவார்கள். பாதியில் நின்றுபோனதையும் கொண்டுவரலாம். ‘இது ஏன் ஓட மாட்டேங்குது?’ என்று கேட்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிதான் இங்கே இல்லை.

மில்லைச் சுற்றி வளர்ந்த லேத்

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். தோண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதற்குள் மில்லுக்கு வந்து அரைபட்டாக வேண்டும். சீசனில் ஒரு மில் நின்றால் வாசலில் வண்டி வண்டியாகக் கிழங்கு கெட்டுப்போகும். ஆகவே உடைந்த பாகத்தைக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பிக் காத்திருக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் லேத் இருக்க வேண்டும், வெல்டிங் பட்டறை இருக்க வேண்டும், ராத்திரியில் எழுப்பினாலும் வரும் மிஸ்திரி இருக்க வேண்டும். ஜவ்வரிசித் தொழில் வளர வளர, அதற்கு இயந்திரம் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் உள்ளூரிலேயே வளர்ந்ததற்கு இந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம்.

மில்லுக்குள் போனால் கைவேலை எப்படி இயந்திரமானது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கிழங்கைக் கழுவும் தொட்டி, அரைக்கும் உருளை, பாலையும் திப்பியையும் பிரிக்கும் அதிர்வுச் சல்லடை, மாவு தெளியும் நீண்ட தொட்டிகள். ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டு இரண்டு பேர் ஆட்டி ஆட்டி மணியாக்கியது ஒரு காலம்; அதே ஆட்டத்தைப் பின்னர் மோட்டார் செய்தது. எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுபட்ட மணிகள் கடைசியில் சிமென்ட் களத்தில் வெயிலுக்கு வருகின்றன. கிழங்கின் தோலை உரிக்கும் வேலை மட்டும் நெடுங்காலம் பெண்களின் கையிலேயே தங்கிவிட்டது.

1981-ல் பதிவான சேகோசர்வ், 1982 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கியது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு மணியின் பெருமையைச் சொல்கிறது. அரைக்கும் உருளையின் பல்லை எந்தக் கோணத்தில் வைத்தால் மாவு அதிகம் இறங்கும், சல்லடையை எவ்வளவு வேகத்தில் ஆட்டினால் துணி கிழியாது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவை மிஸ்திரிகளின் கையிலும் காதிலும் இருக்கின்றன. சத்தம் மாறினால் பேரிங் போகப்போகிறது என்று சொல்லும் காது அது.

வெறும் சேஸிஸ் வீடாகும் ஊர்

நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். லாரிக்கு பாடி கட்டும் ஊர் என்ற பெயர் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. என்ஜினும் சக்கரமும் இரும்புச் சட்டமும் மட்டுமே உள்ள சேஸிஸைக் கண்ணாடியும் கூரையும் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வருவார் ஓட்டுநர். பட்டறையில் அதற்குத் தளம் போட்டு, கேபின் எழுப்பி, சரக்குப் பெட்டி கட்டி, தகரம் அடித்து, வயரிங் இழுத்து, பெயின்ட் பூசி, பெயர் எழுதிச் சாலைக்கு அனுப்புகிறார்கள். தச்சர், கொல்லர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், சீட் தைக்கும் டெய்லர் என்று ஒரு வண்டிக்குள் பல தொழில்கள் சேர்கின்றன.

இங்கே வண்டி கேட்டு வருபவர் பல சமயம் தானே ஸ்டீயரிங் பிடித்தவராக இருப்பார். ஓட்டுநராகத் தொடங்கி ஒரு வண்டி வாங்கி, பிறகு நாலு வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். குஜராத்துக்கும் அசாமுக்கும் போகிற வண்டியில் வாரக்கணக்காகக் குடியிருந்த அனுபவம் அவருக்கு உண்டு. படுக்கை எவ்வளவு அகலம் வேண்டும், தண்ணீர் கேனை எங்கே மாட்டினால் வளைவில் சிந்தாது, கருவிப்பெட்டி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல மேஸ்திரி சாக்பீஸால் பலகையில் கோடு போடுவார். வரைபடம் அதுதான். பயன்படுத்துகிறவரும் செய்கிறவரும் ஒரே இடத்தில் நின்று பேசி வடிவத்தை முடிவு செய்வதை உலகின் வடிவமைப்புப் பள்ளிகள் பாடமாக வைத்திருக்கின்றன. நாமக்கல்லில் அது அன்றாடம் நடக்கும் பேச்சு.

ஒரு பட்டறையில் புதிதாகச் செய்த கொண்டி நன்றாக நிற்கிறது என்றால், பக்கத்துப் பட்டறை மேஸ்திரி டீ குடிக்க வந்த சாக்கில் பார்த்துவிட்டுப் போய்த் தானும் செய்வார். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. இன்றைக்கு இவருடையதை அவர் பார்ப்பார், நாளைக்கு அவருடையதை இவர் பார்ப்பார். ஆட்கள் பட்டறை மாறும்போது வித்தையும் கூடவே மாறும்.

இந்த உலகம் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி செய்தது. பாதுகாப்புச் சோதனை, சான்றிதழ் என்று விதிகள் இறுக இறுக, தொழிற்சாலையே முழு கேபினுடன் வண்டியை அனுப்புகிறது. ஓட்டுநரின் முதுகுக்கும் உயிருக்கும் இது நல்லது. மேஸ்திரியின் சாக்பீஸ் கோட்டுக்கு மிஞ்சியிருப்பது பின்பக்கச் சரக்குப் பெட்டி.

பாறையைத் துளைத்த வித்தை

டி.என். 34 என்ற பதிவெண்ணோடு வடமாநிலக் கிராமம் ஒன்றில் ஒரு ரிக் வண்டி நின்றால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அது திருச்செங்கோட்டின் எண். அழுத்தப்பட்ட காற்றால் சுத்தியலை இயக்கிக் கடினப் பாறையைத் துளைக்கும் ரிக், 1960-களின் இறுதியில் வறட்சி நிவாரணத்துக்காக யுனிசெஃப் வழியாகவும் இந்தியாவுக்கு வந்தது. கருங்கல்லும் நைஸ் பாறையுமான இந்தச் சீமையில் வெட்டுக் கிணறுகள் வற்ற ஆரம்பித்தபோது, அந்தத் தொழில்நுட்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டது திருச்செங்கோடு. போர் போடும் வண்டியை ஓட்டியவர்கள், அதைப் பழுது பார்த்தவர்கள், பிறகு அதைக் கட்டவும் கற்றார்கள். ஆப்பிரிக்க நாடுகள்வரை இந்த ஊர் வண்டிகள் போயிருக்கின்றன.

போர் போட்டால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. அதன் தலையில் பம்பு வேண்டும். மேலைநாட்டு வீடுகளுக்காக வார்க்கப்பட்ட பம்புகள், ஊரே வந்து அடிக்கும் இந்தியக் கைப்பிடியில் சீக்கிரம் உடைந்தன. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் உள்ளூர்ப் பட்டறைகள் கெட்டியான எஃகுப் பம்புகளைச் செய்து பார்த்தன. அந்த அனுபவத்தின்மேல் 1970-களில் உருவானது ‘இந்தியா மார்க் 2’. அதைக் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் நிறுவிச் சோதித்தார்கள்; சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனம் பெருமளவில் தயாரித்தது. 1979-ல் அதற்கு இந்தியத் தரநிலை வந்தது. அந்த வடிவத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாடவில்லை. எந்தத் தொழிற்சாலையும் அதே அளவில் செய்யலாம். ஒரு கம்பெனியின் உதிரிபாகம் இன்னொரு கம்பெனியின் பம்பில் பொருந்தும். தெருமுனையில் ‘அடிபம்பு’ என்று நாம் தட்டிவிட்டுப் போன பொருள், உலகில் மிக அதிகமாகப் பரவிய கைப்பம்புகளில் ஒன்றானதற்கு இந்தத் திறந்த வடிவமே பெரிய காரணம்.

வாசலில் நிற்பவர்கள்

பகிர்ந்துகொள்வது இங்கே புதிதில்லை என்றால், மேக்கர்ஸ்பேஸ் எதற்கு?

பட்டறைக் கதவு திறந்தே கிடக்கிறது. பாதி பட்டறைகளுக்குக் கதவே கிடையாது. ஆனாலும் எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. மாமன் பட்டறையில் மருமகன் சேரலாம். தெரிந்தவர் சொல்லி ஒரு பையன் சேரலாம். ஆரம்பத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கி வந்து, ‘அண்ணே’ என்று கூப்பிட்டு, வருடங்கள் கழித்து வெல்டிங் ராடைப் பிடிப்பான். தொழிலுக்கு வருகிறவனுக்கு இந்த வழி சரி. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இந்த வழி இல்லை. தன் தோட்டத்துக்கு ஒரு களையெடுப்பான் செய்து பார்க்க நினைக்கும் விவசாயிக்கும், வங்கி வேலை முடிந்து மாலையில் மரப் பொம்மை இழைக்க ஆசைப்படும் குமாஸ்தாவுக்கும் இல்லை. அவர்கள் காசு கொடுத்துச் செய்து வாங்கலாம். ‘நானே செய்து பார்க்கிறேன், கொஞ்ச நேரம் லேத்தைக் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது.

வெள்ளிக் கொலுசில் இந்த எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் கொலுசு வீடு வீடாக நகர்ந்து உருவாகிறது. ஒரு வீட்டில் உருக்கு, ஒரு வீட்டில் கம்பி இழுப்பு, ஒரு வீட்டில் கண்ணி கோர்த்தல், ஒரு வீட்டில் பற்றவைப்பு, இன்னொன்றில் மெருகு. ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கிறார்கள். நகரமே ஒரு பட்டறை போல இயங்குகிறது. இருந்தும், கண்ணி கோர்க்கும் பெண் தன் மனதில் ஒரு புதிய மாதிரி வைத்திருந்தால், அதை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து பார்க்கக் கருவிகள் ஒரே இடத்தில் இல்லை. கையில் இருப்பது வியாபாரியின் வெள்ளி. அதில் சோதனை செய்து பார்க்கவும் முடியாது.

தொழிலுக்குள் இருப்பவர்களுக்குள்ளே தாராளமாகப் பகிர்வதும், தொழிலுக்கு வெளியே இருப்பவரை வாசலோடு நிறுத்துவதும் இங்கே ஒன்றாகவே நடந்துவந்திருக்கின்றன. மீன் வியாபாரியும் மெக்கானிக்கும் சந்தித்துப் பிறந்த தொழில் வட்டாரத்திலும் இதுதான் நிலை.

புனே பக்கத்துக் கிராமத்தில் தொடங்கியது

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1998-ல் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ஒரு வகுப்பு தொடங்கினார். ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்று தலைப்பு. பெரிய இயந்திரங்களை இயக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்காகத் திட்டமிட்ட வகுப்பில், பொறியியல் பின்னணியே இல்லாதவர்களும் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அதிலிருந்து ‘ஃபேப் லேப்’ என்ற யோசனை வளர்ந்தது. எம்.ஐ.டி.க்கு வெளியே அதன் முதல் முயற்சிகளில் ஒன்று நடந்த இடம் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமம், ஆண்டு 2002.

பாபலைத் தேர்ந்தது தற்செயல் இல்லை. ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சி வேலையை விட்டுவந்த விஞ்ஞானி எஸ்.எஸ். கல்பாக், 1983-லேயே அங்கே விக்யான் ஆசிரமம் தொடங்கியிருந்தார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் வெல்டிங், கட்டடம், மின்சாரம், விவசாயம் என்று ஊருக்குத் தேவையானதைச் செய்துகொண்டே படித்தார்கள். கணினியில் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபோது, அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி அங்கே எழவில்லை. செய்து பழகிய கைகள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

நகரங்களில் கதை வேறு மாதிரி போனது. மும்பையில் 2013-ல் ஓர் அலுவலகத்தின் கூரை இடிந்து விழ, உடைந்த மேஜை நாற்காலிகளைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்று நண்பர்களை அழைத்தார் வைபவ் சாப்ரா. அந்தக் கூட்டம் கலையாமல் ‘மேக்கர்ஸ் அசைலம்’ ஆனது. பின்னர் கோவாவுக்கு இடம்பெயர்ந்தது. பெங்களூரில் ‘வொர்க்பென்ச் ப்ராஜெக்ட்ஸ்’ அல்சூர் மெட்ரோ ரயில் நிலையத்துக்குக் கீழே இடம் பிடித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-ல் முன்னாள் மாணவர்கள் உதவியோடு பிறந்த ‘சென்டர் ஃபார் இன்னோவேஷன்’ மாணவர்களுக்கு ராத்திரி பகலாகத் திறந்திருக்கிறது.

இத்தகைய இடங்களால் பொழுதுபோக்கைத் தாண்டி என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு 2020 பதில் சொன்னது. கொரோனா ஊரடங்கில் முகக் கவசத் தகடுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேக்கர்ஸ் அசைலம் ஒரு வடிவத்தைச் செய்து பார்த்துத் திறந்த முறையில் வெளியிட்டது. 42 நகரங்களிலும் ஊர்களிலும் இருந்தவர்கள் அதை எடுத்து அவரவர் ஊரில் கிடைத்த பொருளுக்கேற்ப மாற்றிச் செய்தார்கள். 49 நாட்களில் பத்து லட்சம் தகடுகள் தயாராயின.

பகிர்ந்தவர் பெயர் எங்கே?

பகிர்வதில் ஒரு வில்லங்கமும் உண்டு. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ‘ரெப்ராப்’ என்ற 3டி பிரின்டர் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை உலகத்துக்கே திறந்துவைத்தார். நியூயார்க்கின் ‘என்.ஒய்.சி. ரெஸிஸ்டர்’ என்ற கூடத்தில் கூடியவர்கள் அதை எடுத்து வளர்த்து, 2009-ல் ‘மேக்கர்பாட்’ நிறுவனம் கண்டார்கள். ஆரம்பத்தில் அவர்களும் வரைபடங்களை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்த ஆர்வலர்கள் திருத்தங்கள் அனுப்பினார்கள். 2012-ல் புதிய மாடல் வந்தபோது வரைபடம் பூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்குக் கைமாறியது. திருத்தம் அனுப்பியவர்கள் கொதித்துப்போனார்கள்.

நாமக்கல் மேஸ்திரிக்கு இந்தக் கோபம் புரியும். முதலில் அந்தக் கொண்டியைச் செய்தவர் யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. காசு போனதைவிடப் பெயர் போனது சிலருக்கு வலிக்கும்.

இதற்கு ஒரு வழியை நம் நாட்டிலேயே கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் தொடங்கிய ‘ஹனி பீ’ வலையமைப்பு, ஊர் ஊராகப் போய் எளிய மனிதர்களின் கண்டுபிடிப்புகளைத் தேடிப் பதிவு செய்தது. மகரந்தம் எடுக்கும் தேனீயால் பூவுக்கு நஷ்டமில்லை என்பது அவர்கள் சொல்லும் உவமை. அதில் இரண்டு விதிகள் முக்கியம்: கண்டுபிடித்தவரின் பெயரோடுதான் செய்தி வெளிவர வேண்டும், அவருடைய மொழிக்கே அது திரும்பிப் போக வேண்டும். மதுரையின் ‘சேவா’ அமைப்பு அந்த வழியில் ‘நம் வழி வேளாண்மை’ இதழைத் தமிழில் கொண்டுவந்தது. 2000-ல் உருவான தேசியப் புத்தாக்க நிறுவனம், படிப்பறிவில்லாதவரின் கருவிக்கும் காப்புரிமை வாங்க உதவுகிறது.

சானிட்டரி நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதையும் காட்டியதால் திரும்பிய கதைதான். பல ஆண்டுகள் வீட்டிலும் ஊரிலும் கேலிக்கு ஆளானவர், சென்னை ஐ.ஐ.டி.க்குத் தன் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்து அது தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருதுக்குப் போனது. 2016-ல் பத்மஸ்ரீ. காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். உரிமையும் பகிர்வும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சாட்சி அவர்.

பிளஸ் டூவோடு மூடும் கதவு

சொந்தமாகச் செய்ததைக் காட்ட, இன்றைக்கு இந்த இரு மாவட்டங்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வழி இருக்கிறது. ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தில் தேர்வாகும் ஒவ்வொரு மாணவருக்கும் 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். அதை வைத்துத் தன் யோசனைக்கு மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் அறிவியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தது. 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்து டிங்கரிங் லேப் அமைக்கிறது. நாடு முழுக்க 10,000 லேப்கள் வந்துவிட்டன. அடுத்த ஐந்து ஆண்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று 2025 மத்திய பட்ஜெட் சொன்னது.

ஆறாம் வகுப்பில் திறக்கும் இந்தக் கதவு பிளஸ் டூவில் மூடிவிடுகிறது. அடல் லேப் இருக்கும் பள்ளியில் படித்தவருக்குக்கூட, தேர்வு எழுதி வெளியேறிய மறுநாள் அந்த அறையில் இடமில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் டெய்லருக்கும் டிராக்டர் மெக்கானிக்குக்கும் என்றைக்குமே இடமில்லை. பிறகு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் இன்னொரு கதவு திறக்கும். சேலம் சோனா தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகத்தில் உருவான மோட்டார், 2023-ல் சந்திரயான்-3-ஐச் சுமந்த ராக்கெட்டில் பறந்தது. திறமையிலோ இயந்திரத்திலோ இந்த ஊருக்குக் குறைவில்லை. கல்லூரி அடையாள அட்டை இல்லாதவருக்குத்தான் வழியில்லை.

கண்காட்சிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அங்கே பரிசு இருக்கிறது. ஆகவே ஓடுகிற மாதிரியை மட்டுமே கொண்டுவருவார்கள், பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். ஓடாததைக் கொண்டுவந்து நாலு பேரைக் கேட்பதற்கான இடம் போட்டி மேடையாக இருக்க முடியாது.

யாரிடம் சாவி?

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி பொது நூலகத்தில் ஒரு தளம் முழுக்கச் செய்து பார்ப்பதற்கும் பழகுவதற்குமானது. தையல் இயந்திரம், 3டி பிரின்டர், லேசர் வெட்டி எல்லாம் அங்கே உண்டு. புத்தகம் எடுக்க வந்தவர் கிழிந்த கோட்டைத் தைத்துக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில் என்ற சிற்றூர் நூலகம் 2011-லேயே இதைத் தொடங்கிவைத்தது. சிங்கப்பூரில் 2014 முதல் ‘ரிப்பேர் கோப்பிதியாம்’ நடக்கிறது. குடியிருப்பு வட்டாரங்களில் தன்னார்வலர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, பழுதான மின்விசிறியையும் கெட்டிலையும் உரிமையாளரையே கழற்றவைத்துச் சரிசெய்யச் சொல்லித் தருகிறார்கள்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் சேலம், கடலூர், திருநெல்வேலிக்குத் தலா ஒரு லட்சம் புத்தகங்களோடு பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. கோவைப் பெரியார் நூலகம், அறிவியல் மையத்தையும் சேர்த்தே திட்டமிடப்பட்டது. சேலத்து நூலகத்திலும் ஒரு கூடத்தைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒதுக்கலாம். சாலிடரிங், தையல், மரவேலைச் சிறு கருவிகள், இரண்டு மூன்று 3டி பிரின்டர்கள் புத்தக அலமாரிகளோடு ஒரே கட்டடத்தில் இருந்துகொள்ளும். செய்தவர் பெயர், ஊர், அளவு, எங்கே சொதப்பியது என்று எழுதிவைக்க ஒரு பதிவேடும் நூலகத்துக்கு ஏற்ற வேலைதான். கிழங்கு மில் மிஸ்திரியின் காது அறிந்ததை அங்கே எழுத்தில் ஏற்றலாம்.

வெல்டிங் தீப்பொறியும் லேத்தும் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஆகாது. அதற்கும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபாட், சி.என்.சி., 3டி பிரின்டர் என்று புதிய தொழில்நுட்ப மையங்களை அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் எடுத்தது. பயிற்சி வகுப்பு முடிந்த பிறகு அத்தகைய கூடங்கள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சும்மாதான் இருக்கும். பொதுமக்களுக்குத் திறப்பதில் சிக்கல்கள் இருக்கின்றன. ஆறு மணிக்கு மேல் பொறுப்பாளராக இருக்கும் பயிற்றுநருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? கை வெட்டுப்பட்டால் காப்பீடு யாருடையது? பிட் உடைந்தால் யார் தலையில்? பயிற்சி இல்லாமல் வருபவரை எந்த இயந்திரம்வரை விடலாம்? மும்பை, பெங்களூர்க் கூடங்கள் சந்தா, கட்டாயப் பாதுகாப்பு வகுப்பு, கருவிக்கு ஏற்ற அனுமதிச் சீட்டு என்று இவற்றுக்கு விடை கண்டிருக்கின்றன. இங்கே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் பொது நூலகத் துறையும் உட்கார்ந்து பேசி ஓர் அரசாணை எழுதினால், சோதனைக்கு முதலில் ஒரே ஓர் ஐ.டி.ஐ.யை வாரத்துக்கு ஒரு மாலை திறந்து பார்க்கலாம்.